ஒரு வீட்டில் இரண்டு காசில்டா

கிந்தானாசேக்கா
12 பிப்ரவரி 1963

காசில்டா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியாது. நீ அந்த வீட்டில் இருக்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது. இருந்தால் படி.

அப்பா போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் கிடந்தார். சனிக்கிழமை புதைத்தோம். மண் உறைந்து கல்லாகிக் கிடந்ததால் மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாரை போட்டுத்தான் குழி தோண்டினோம். பிரிவியெஸ்காவுக்குப் போய்த் தந்தி கொடுக்கலாம் என்றால் பனி பாதையை மூடிவிட்டது. ஊரில் இருப்பது ஃபெர்மினின் ஒயின் கடை தொலைபேசி ஒன்றுதான். அப்பா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்டார். அதனால் காலையிலேயே போனேன்.

கடை நிறைய ஆட்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரங்க் கால் கிடைக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. மாட்ரிட்டில் ஒரு பெண் எடுத்தாள், சின்ன வயசுக் குரல்.

"உங்க வீட்டுல வேலை செய்யற காசில்டாவக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா. நான் அவ அண்ணன், ஊர்லேருந்து பேசறேன்" என்றேன்.

"அந்தப் பேர்ல இங்க வேலைக்காரி யாரும் இல்லையே. காசில்டாங்கறது எங்க அத்தை. அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றாள்.

நான் மேலே ஏதோ சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அன்று மாலையே கம்பி அறுந்து விழுந்தது. ஃபெர்மின் கிளாசைத் துடைத்துக்கொண்டே, "என்ன செவெரினோ, உன் தங்கச்சி சீமாட்டி ஆயிட்டா போலிருக்கு, கோயிலுக்கெல்லாம் போயிருக்காளாமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் சாகக் கிடக்கிறவரை வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்பாவிடம் நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று பொய் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். இப்போது உன்னைப் பற்றியும் பேசுகிறது. அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாயா? யாரோடாவது போனாயா? எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு எழுதினாயே, அதில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாயே. அதுவும் பொய்தானா?

செவெரினோ

•

மாட்ரிட்
20 பிப்ரவரி 1963

அண்ணா,

நான் எங்கும் போகவில்லை. நீ தொலைபேசியில் பேசியபோது நான் அதே நடைக்கூடத்தில், பத்தடி தூரத்தில், மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்திருப்பேன். காலை வேளையில் எப்போதும் அங்கேதான் இருப்பேன்.

அந்தக் குரல் பியேதாத்துடையது. இலையுதிர் காலத்தில்தான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை, அண்ணா. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பொய் சொல்லியிருந்தால் அவளைச் சபித்துவிட்டாவது தூங்கியிருப்பேன்.

இந்த வீட்டில் என் பெயர் மரியா. வந்த நாளிலிருந்தே.

பதினைந்து வயசில் நான் வந்தது நினைவிருக்கிறதா? ஞானத்தாய் வீட்டுக்கே வேலைக்குப் போகிறாள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு என்னை பஸ் ஏற்றினார். எஜமானியம்மா தோன்யா காசில்டா நடைக்கூடத்தில் நின்று என் முகவாயைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வளந்துட்டியே குழந்தே. ஆனா பாரு, ஒரு வீட்டுல ரெண்டு காசில்டா இருந்தா குழப்பம். உன்ன மரியான்னே கூப்பிடறோம். தேவதாயோட பேரு, அதுல என்ன குறைச்சல்?" என்றாள். அந்தப் பெயரை எனக்கு வைத்தவளே அவள்தான். கோயிலில் என்னைக் கையில் ஏந்தி, சாமியாரிடம் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தவள். கம்மலும் கம்பளியும் போல அதுவும் அவள் தந்த பரிசுதானே, திருப்பி வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரனில் ஏற்கெனவே 'ம' என்ற எழுத்தைத் தைத்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவளும் மரியாதான். அவளுடைய உண்மைப் பெயர் என்னவென்று இங்கே சமைக்கும் உல்பியானாவைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பொண்ணு, இருமல்தான் ஜாஸ்தி" என்றாள்.

நம் ஊரில் எத்தனை காசில்டா? எல்லாம் இந்த அம்மாள் கைப்பட வைத்ததுதான். ஆலைக்காரர் வீட்டு காசில்டா, மாறுகண் காசில்டா, கிணற்றடி காசில்டா, பிறகு பசீலியோ மகள் நான். யாருக்காவது குழப்பம் வந்ததா? நம் சின்ன ஊருக்குள் அத்தனை பேருக்கு இடம் இருந்தது. பன்னிரண்டு அறை உள்ள வீட்டில் இரண்டு பேருக்கு இடம் இல்லை.

நீ எழுதும் கடிதங்கள் எனக்கு வருவது குடும்பப் பெயரால். உறையில் அர்னாய்ஸ் என்று பார்த்தால் வாயில்காரர் அதைச் சமையலறைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவார். அதனால்தான் உனக்குத் தெரியாமலே போயிற்று. நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா ஃபெர்மின் கடையில் உட்கார்ந்து, "என் பொண்ணுக்கும் எஜமானிக்கும் ஒரே பேருடா" என்று சொல்லிச் சொல்லிக் குடிப்பார் என்று நீதானே எழுதுவாய். அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாளிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த பின்னலைக் கீழே வைத்துவிட்டு, "பாவம் பசீலியோ. மரியா, அவருக்கு ஒரு பூசை சொல்லச் சொல்றேன்" என்றாள். மத்தியானம் விடுப்பு கொடுத்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அப்பா கடைசியில் என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று எழுது. மறைக்காதே.

காசில்டா

•

கிந்தானாசேக்கா
17 மார்ச் 1963

தங்கச்சி,

உன் கடிதத்தை உன் அண்ணி விசிக்கு உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அவளே வாங்கி மீதியைப் படித்தாள். நான் எழுதியதெல்லாம் தப்பு. கோபத்தில் எழுதினேன். ஃபெர்மின் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தான். காசு வாங்கவில்லை. அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

நம் கோவேறு கழுதையைப் பத்து வருஷமாக ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். நீ ஏழு வருஷம் இதை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். எனக்கு முன்பே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று விசி கேட்டாள்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "காசில்டா வந்துட்டாளா?" சத்தமாகக்கூட இல்லை. வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். "பஸ்ஸு வழுக்கும், மெதுவா வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. இதை நல்ல சமயத்தில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன், நல்ல சமயம் வருவதாகத் தெரியவில்லை. விசிக்கு ஜூனில் குழந்தை பிறக்கப்போகிறது. கல்யாணமாகி எட்டு வருஷம். போன மே மாதம் புனித காசில்டா மலைக்குப் போனோம். அங்கே குளத்தில் ஆண் பிள்ளை வேண்டுமென்றால் கல்லும், பெண் வேண்டுமென்றால் கூரை ஓட்டுத் துண்டும் போடுவார்களே, விசி ஓட்டைப் போட்டாள். நான் கல்லைத்தான் கையில் கொடுத்தேன். அவள் கல்லை என் காலடியில் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து மடிக்குள் ஒளித்துக்கொண்டு வந்த ஓட்டுத் துண்டை எடுத்து வீசினாள். பெண் பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று புனிதவதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதனால் பெண் என்றால் பெயர் முடிவாகிவிட்டது.

அதோடு அம்மாளின் நிலத்துக்கான குத்தகை அப்பா பெயரில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் புனித மிக்கேல் திருநாள் வரை அது ஓடும், அதற்குப் பிறகு என் பெயருக்கு மாற்ற வேண்டும். காரியஸ்தர் தோன் லியோன்சியோ வந்து உட்கார்ந்தார், விசியின் வயிற்றைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஞானப்பிள்ளைங்கன்னா உசிரு. ஞானத்தாயா நிக்கச் சொல்லிக் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. கேக்காம விட்டீங்கன்னாதான் மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு பன்றி இறைச்சியைத் தின்றுவிட்டுப் போனார்.

நீயே சொல், நான் என்ன செய்ய?

செவெரினோ

•

மாட்ரிட்
16 ஏப்ரல் 1963

அண்ணா,

விசி அண்ணியைக் கட்டிக்கொண்டேன் என்று சொல். ஓடு போட்டதற்கு அவளுக்குத் தனியாக ஒரு முத்தம்.

போன செவ்வாய் புனித காசில்டா திருநாள். எஜமானியின் பெயர் கொண்ட புனிதவதி என்பதால் இந்த வீட்டில் பெயர் நாள் விருந்து. புனித வாரம் என்பதால் இறைச்சி கூடாது, ஆகவே மூன்று வகை மீனைத் தின்று நோன்பு காத்தார்கள். எஜமானியின் மகன் தோன் ஆல்வரோ தன் பழைய பேராசிரியரை அழைத்திருந்தார். வெள்ளைத் தாடி வைத்த, சாதுவான மனிதர். நான் மீன் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பரிமாறி வந்தேன். அவர் எஜமானியின் பெயரைப் பற்றி ஒரு சிறு உரையே ஆற்றினார்.

அது ஒரு காலத்தில் இங்கே ஆண்ட மூர்கள் என்ற முஸ்லிம்களின் அரபு மொழியிலிருந்து வந்த பெயராம். பாட்டு, கவிதை என்று பொருளாம். எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் தனக்கு அதுதான் சரியென்று படுகிறது என்றார். புனிதவதி டோலிடோவை ஆண்ட மூர் அரசனின் மகள் அல்லவா, அவள் பெயர் வேறு எந்த மொழியில் இருக்கும் என்றார். யாரோ, "அப்படின்னா நீயும் மூர்தானா காசில்டா?" என்று கிண்டல் செய்தார்கள். "அவ ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டா, எல்லாம் கழுவியாச்சு" என்றாள் அம்மாள். மேசையே சிரித்தது.

எனக்குத் தட்டு கையில் கனத்தது. கழுவியாயிற்று என்கிறாள். ஆனால் அண்ணா, அந்த அரசன் மகள் மதம் மாறிய பிறகும் அவள் பெயரை யாரும் மாற்றவில்லையே. எதிரியின் மொழிப் பெயரோடு அவளைப் பீடத்தில் ஏற்றி வைத்து மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். இவர்கள் மொழியே பேசும் எனக்கு அதே பெயர் இருப்பதுதான் இவர்களுக்கு இடைஞ்சல்.

பிறகு அந்தக் கதையையும் சொன்னார். அரசன் மகள் சிறையிலிருந்த கிறிஸ்தவக் கைதிகளுக்கு மடியில் ரொட்டி ஒளித்து எடுத்துப் போனதும், அப்பா மறித்து என்ன அது என்று கேட்டதும், திறந்தபோது ரோஜாவாக இருந்ததும். சமையலறைக்குப் போய் உல்பியானாவிடம் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கைதிங்க அன்னிக்கி என்னத்தத் தின்னாங்க, ரோஜாப்பூவையா?" என்றாள். வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைக்கு எனக்கும் பெயர் நாள்தானே. ஒரு துண்டு தேன் ரொட்டியை உல்பியானா என் வாயில் திணித்தாள்.

திரும்பவும் கூடத்துக்குப் போனபோது பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்து ஒருவர் பேசியது எனக்கே விநோதமாக இருந்தது. "உன் பேர் என்னம்மா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாள் சாவதானமாக, "மரியா" என்றாள். "அழகான பேர்" என்றார் அவர். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். விசி அண்ணி புனிதவதிக்குக் கொடுத்த வாக்கை நான் உடைக்கச் சொல்லவில்லை. அந்தப் பெயர் குழந்தைக்கு வரட்டும். ஆனால் அந்தக் கையிலிருந்து வர வேண்டாம். பிள்ளை பெற்ற பிறகு அண்ணி நாற்பது நாள் வெளியே வரமாட்டாள். கோயிலுக்குத் தூக்கிப் போகிறவள்தான் சாமியாரிடம் பெயரைச் சொல்வாள். அது நானாக இருக்கட்டும். நான் ஞானத்தாயாக நிற்கிறேன். என்னிடம் கம்மல் வாங்கப் பணம் இல்லை. என் பெயரை என் வாயால் சொல்லி அவளுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அப்பாவின் சாவுக்கு வராத மகள் என்ற பேச்சுக்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைத் தவிர உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

காசில்டா

•

கிந்தானாசேக்கா
12 ஜூன் 1963

தங்கச்சி,

பெண் பிறந்திருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில். விசி நலம். குழந்தைக்கு நம் அப்பாவின் நெற்றி. அழும்போது ஊர் முழுக்கக் கேட்கிறது.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். களை எடுக்கும் வேலை என்று சொல்லலாம். அது உண்மையில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தோன் லியோன்சியோ மறுபடியும் வந்தார். குழந்தை பிறந்த அன்றே வந்துவிட்டார். நான் நீதான் ஞானத்தாய் என்று சொல்லத்தான் நினைத்தேன், காசில்டா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டு, "அதுல ஒரு விஷயம் இருக்குங்க" என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, மிகவும் சந்தோஷப்பட்டார்கள் என்றார். அடுத்த மூச்சிலேயே குத்தகைப் பத்திரம் புர்கோஸில் தயாராகிறது என்றார். இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை.

நிலம் போனால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். உனக்குக் கோபப்பட வசதி இருக்கிறது. எனக்கு இப்போது தொட்டிலில் ஒன்று கிடக்கிறது.

பெயர் புனிதவதியுடையது. யார் கையில் ஏந்திச் சொன்னால் என்ன? விசியும் அப்படித்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நல்ல விஷயம். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அம்மாள் காரில் வருகிறாள், உன்னையும் கூட்டி வருகிறாளாம். மணிக்கட்டு வலியாம், குழந்தையைத் தூக்க ஆள் வேண்டுமாம். நீ வீட்டைப் பார்க்கலாம். அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்க்கலாம். குழந்தையை நீதான் கோயில் வரை தூக்கி வருவாய், யோசித்துப் பார்.

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவள் முன்னால் எதுவும் பேசாதே. கேட்டுக்கொள்கிறேன்.

செவெரினோ

•

மாட்ரிட்
2 ஜூலை 1963

செவெரினோ,

நான் எதுவும் பேசவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டேன்.

குழந்தை அழகாக இருக்கிறாள். நம் வாசலிலிருந்து கோயில் வாசல் வரை அவளைத் தூக்கிவந்தேன். வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் தோன்யா இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டு வலி அங்கே வந்ததும் சரியாகிவிட்டது. கொடுத்தேன். வெளியே ஆண்கள் பிள்ளைகளுக்குச் சர்க்கரை பூசிய பாதாம்பருப்பை அள்ளி வீசக் காத்து நின்ற இடத்திலேயே நின்றேன். உள்ளே சாமியார் பெயர் கேட்டதும், அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். எத்தனை முறை சொல்லிப் பழகியிருப்பாள்.

திரும்பி வரும்போது சதுக்கத்தில் யூப்ராசியா பார்த்தாள். மூன்றாம் வீட்டு யூப்ராசியா, எனக்கு நடை பழக்கியவள். தூரத்திலிருந்தே "காசில்டா" என்று கத்தினாள். தோன்யா திரும்பிப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. யூப்ராசியா அவளைத் தாண்டி ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி, தொண்டை கிழியக் கத்தறேன், காது அடைச்சுப் போச்சா? மாட்ரிட் திமிரா?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் கூப்பிட்டது எனக்கு நன்றாகத்தான் கேட்டது, செவெரினோ. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அதுவரை எனக்குத் துக்கம்தான் இருந்தது. கோபம் வீட்டில்தான் வந்தது.

அப்பாவின் நாற்காலியில் அவளை உட்காரவைத்தாய். சரி, விருந்தாளி. ஆட்டுக்குட்டி வறுவலில் நல்ல துண்டெல்லாம் அவள் தட்டில் வைத்தாய். சரி. நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த சமையலறையில் நான் வேலைக்காரியாக நின்றேன், அதையும் விடு, எனக்குப் பழக்கம். அவள் உன்னிடம், "மரியாவக் காபி கொண்டுவரச் சொல்லேன்" என்றாள்.

நீ என்ன செய்திருக்கலாம்? எழுந்து வந்து காதோடு சொல்லியிருக்கலாம். நீயே கொண்டுபோயிருக்கலாம். 'தங்கச்சி' என்று கூப்பிட்டிருந்தால் அவளுக்கும் கோபம் வந்திருக்காது, எனக்கும் காயம் இருந்திருக்காது. அந்தச் சொல்லுக்குக் குத்தகைப் பத்திரத்தில் தடை ஏதும் இல்லையே.

நீ கழுத்தைத் திருப்பி, உரக்க, "மரியா, காபி கொண்டாம்மா" என்றாய்.

உள் அறையில் விசி அண்ணி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். கதவு வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, காபித் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் இடத்துக்குப் போக நேரம் இல்லை. இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டும் என்று கார் ஓட்டுநர் சொல்லிவிட்டார்.

இனி எழுதாதே.

மரியா

•

கிந்தானாசேக்கா
6 அக்டோபர் 1963

காசில்டா,

நீ அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாய் என்று உல்பியானா எழுதினாள். எங்கே என்று சொல்ல மறுத்துவிட்டாள். கடிதம் எழுதினால் சேர்த்துவிடுகிறேன் என்றாள். நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று உனக்குச் சொல்லத் தெரிந்தால் சொல்லிவிடுவேன். திட்டமிட்டுச் செய்யவில்லை. அவள் மரியா என்றாள், என் வாயிலும் மரியா என்று வந்தது. அவள் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லி எனக்குப் பழக்கம். இந்த வருஷம் விளைச்சல் நல்லது என்றால் நல்லது என்பேன், மோசம் என்றால் மோசம் என்பேன். அதே வாய்தான் உன்னையும் கூப்பிட்டது. விசி அன்று ராத்திரி, "நீ உன் வாயைக் குத்தகைக்கு விட்டுட்ட" என்றாள்.

நிலமும் கிடைக்கவில்லை. புனித மிக்கேல் திருநாளுக்கு முந்தின வாரம் தோன் லியோன்சியோ வந்தார். இந்த முறை உட்காரவில்லை. தோன் ஆல்வரோ இரண்டு டிராக்டர் வாங்கியிருக்கிறாராம், எல்லா நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தாமே பயிர் செய்யப்போகிறாராம். ஆலைக்காரரையும் மாறுகண் காசில்டாவின் புருஷனையும்கூட வெளியேறச் சொல்லிவிட்டார்கள். "பத்திரம் புர்கோஸ்ல தயாராகுதுன்னீங்களே" என்றேன். "தயாராச்சு, கையெழுத்தாகலை" என்றார். "அம்மாகிட்ட சொன்னீங்களா? அவங்க ஞானப்பிள்ளை இருக்கற வீடு இது" என்றேன். "அம்மா இந்த விஷயத்துலெல்லாம் தலையிடறதில்லை, செவெரினோ. குழந்தைக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

அதனால் எதற்காக உன்னை அப்படிக் கூப்பிட்டேனோ அது இல்லை. நிலம் கிடைத்திருந்தாலாவது எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் பில்பாவோவுக்குப் போகிறோம். விசியின் மாமா மகன் உருக்காலையில் இருக்கிறான், சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறான். கோவேறு கழுதையை விற்றாயிற்று. அப்பாவின் இடத்தில் நேற்று புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். உன் சார்பிலும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன்.

பாப்பா உட்காரப் பழகுகிறது. தலையணை இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், சாய்ந்த பிறகு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பாப்பாவுக்குக் குரல் பெரிசு. உண்மையைச் சொன்னால் நான் அதைப் பாப்பா என்றேதான் கூப்பிடுகிறேன். அந்தப் பெயர் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. சொல்லப் போனால் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் கூப்பிடுவதைப் பார்த்து விசியும் பாப்பா என்றே கூப்பிடுகிறாள். ஊரிலும் அப்படியே ஆகிவிட்டது. பில்பாவோவில் போய் வேறு ஏதாவது செல்லப்பெயர் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். அப்படியாவது உனக்குக் கொஞ்சம் வலி குறையுமோ என்னவோ.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்
செவெரினோ

•

விட்டோரியா
17 நவம்பர் 1963

அண்ணா,

அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். எனாமல் பூசும் பிரிவு. கை எரியும், கண்ணும் எரியும், ஆனால் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் என் நேரம் என்னுடையது. உல்பியானா உன் கடிதத்தை இங்கே திருப்பிவிட்டாள். இரண்டு வாரமாக வைத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

நான் போகிறேன் என்று சொன்னபோது தோன்யா நிஜமாகவே கலங்கினாள். "ஏன் மரியா, நாங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்றாள். சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரியாது. புரியாததை அவள் முன்னால் வைத்து அழுவதற்கு எனக்கு மனமில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். ஒரு தடவையாவது அவள் காதில் விழும்படி என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். நீ கூப்பிட்டாய் என்று உன்மேல் பழி போட்டேனே, நீ கூப்பிட்டதும் காபியோடு வந்து நின்றது யார்? நான்தானே. தட்டைத் தரையில் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்காமல், சர்க்கரை எத்தனை என்று கேட்டேன்.

நிலத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். பிறகு கோவேறு கழுதையை விற்றதைப் படித்தேன், அது போய்விட்டது. அவர்களுக்கு உன் வாயும் வேண்டியிருக்கவில்லை, என் பெயரும் வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் சும்மா வாங்கிக்கொண்டார்கள், எடுத்து வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

இப்போது வர என்னால் முடியாது. கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. மன்னிப்பைப் பற்றி எழுதாதே, அது வருகிறபோது வரும்.

ஆனால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் என் பெயர் இருக்கிறது, மாறுகண் காசில்டா பெயர்கூட இருக்கிறது. உன் மகளின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. பாப்பா உட்காருகிறது, பாப்பா சிரிக்கிறது. எனக்கு வலி குறைய வேண்டும் என்று அவளை அப்படிக் கூப்பிடுகிறாயாம். அந்த அம்மாளும் குழப்பம் குறைய வேண்டும் என்றுதான் என்னை அப்படிக் கூப்பிட்டாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எப்போதும் நல்ல காரணம் ஒன்று இருக்கிறது.

விசி அண்ணி எட்டு வருஷம் காத்திருந்து, மடியில் ஓட்டுத் துண்டை ஒளித்துக்கொண்டு மலையேறிக் கேட்டு வாங்கிய பெயர் அது. தோன்யா அதைச் சாமியாரிடம் சொன்னாள், அவ்வளவுதான். அவள் உங்களோடு பில்பாவோவுக்கு வரவில்லை. அங்கே உங்களில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு காசில்டா கிடையாது, அண்ணா. ஒருத்திதான் இருக்கிறாள். அவளையும் பெயரில்லாமல் வளர்த்துவிடாதே.

செல்லப்பெயர் எதுவும் வேண்டாம். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு கூப்பிடு. தொண்டை அடைத்தால் அடைத்த தொண்டையோடு கூப்பிடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு, அவள் எந்த அறையில் இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் சரி, பெயர் சொல்லிக் கூப்பிடு. ஐந்து மாதக் குழந்தை உடனே திரும்பாது. திரும்புகிற வரை கூப்பிடு.

காசில்டா